பதினோராவது கழுவல்

ஒரே ஒரு சொட்டு. டிராப்பரின் ரப்பர் குமிழை இவ்வளவு பதமாக அமுக்க எனக்கு வரும் என்று எனக்கே இத்தனை நாள் தெரியாது. சில்வர் நைட்ரேட் சோதனைக் குழாயின் உட்சுவரில் வழிந்து அடியில் இருக்கும் வடிநீரை, பொடியைக் கழுவி வடித்த தண்ணீரைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் ஒரு வெண்மை, அரிசி களைந்த தண்ணீரைப் போல, பிறகு குழாய் முழுக்க அதுவே. உப்பின் குளோரைடு இருந்தால்தான் இப்படி வெளுக்கும். ஆக, பத்தாவது கழுவலிலும் என் பொடியை விட்டு உப்பு போகவில்லை. போகாத உப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருகிறது, அழ வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வரும், கல்யாணமான புதிதில் ரெமிஜியுஸ் இதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துகூடப் போயிருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணி. கல்லூரியில் என்னையும் லேப் உதவியாளர் சங்கரலிங்கம் அண்ணாச்சியையும் தவிர ஆள் இல்லை. ஜன்னல் வழியாகத் தூத்துக்குடிக் காற்று வருகிறது, அதுவும் உப்புத்தான், எங்கே திரும்பினாலும் உப்பு. ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால் மூன்று மணிக்குத் திருநெல்வேலியில் எக்ஸ்ரே இயந்திரத்தில் என் பொடியை வைப்பார்கள், அங்கேயே காந்த அளவும் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து அரை கிராம், உப்பில்லாத சுத்தமான அரை கிராம். இன்று விட்டால் அடுத்த மாதம்தான் முறை வரும். அடுத்த மாதம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. திங்கட்கிழமைக்குள் ஆய்வுச் சுருக்கம் போய்ச் சேரவில்லையென்றால் ஆறு வருடப் பதிவும் ரத்து. அமலோற்பவம், நாற்பத்திரண்டு வயது, வேதியியல் ஆசிரியை, பகுதிநேர ஆராய்ச்சி, அரை கிராம் பொடிக்கு வழியில்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

சரி, பதினொன்று. கெட்டிலில் சூடாக்கிய டிஸ்டில்டு வாட்டரை வடிதாளின் மேல் வட்டமாக ஊற்றுகிறேன், தோசைக் கல்லில் எண்ணெய் விடுவது மாதிரி ஓரத்திலிருந்து நடுவுக்கு. பொடி நனைந்து நிறம் அடர்கிறது. இந்த நிறம் இருக்கிறதே, மிளகாய்த்தூளில் மல்லித்தூள் கலந்த நிறம், மூன்று நாளாகப் பார்த்தும் சலிக்கவில்லை. புதன்கிழமை ஃபர்னஸைத் திறந்து கிண்ணத்தை வெளியே எடுத்தபோது இந்த நிறம் தெரியவில்லை, உறைந்த உப்புக் கட்டிக்குள் ஒளிந்திருந்தது. கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு இதற்குள் என் பொடி இருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் வந்துவிடும் என்று அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கு! உண்மையில் அவ்வளவுதான் விஷயம். பிஸ்மத் ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் சும்மா கலந்து சுட்டால் லேசில் சேராது, ஒரு மூலையில் இது, ஒரு மூலையில் அது என்று முறைத்துக்கொண்டு நிற்கும். சாதா உப்பையும் பொட்டாசியம் குளோரைடையும் கூடச் சேர்த்து எழுநூறு டிகிரிக்கு மேலே கொண்டுபோனால் உப்பு உருகித் தண்ணீராக ஓடும், அந்த ஓட்டத்தில் இவை இரண்டும் நீந்திப் போய் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். ஆறியபின் உப்பைக் கழுவிவிட்டால் இவை மட்டும் மிச்சம். அப்பாவிடம் இதைச் சொன்னேன், நாற்பது வருடம் உப்பளத்தில் உப்பை இழுத்துச் சேர்க்கும் வாருபலகை பிடித்தவர். "உப்பு கரையும்மா, உருகுமாக்கும்?" என்றார். உருகும்ப்பா, எழுநூறு டிகிரியில் என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்கு எவ்வளவு வெயில் வேணும்?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கேட்டார். என் ஆறு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான்.

வடிகிறது. சொட்டு, சொட்டு, நடுவில் ஒரு நீண்ட யோசனை, பிறகு சொட்டு. வேகப்படுத்த முடியாது. இந்த நேரத்தில் வினாத்தாள் திருத்தலாம் என்று கொண்டுவந்த கட்டு அப்படியே இருக்கிறது. என் விரல் நுனிகளைப் பார்த்துக்கொள்கிறேன், சில்வர் நைட்ரேட் பட்ட இடமெல்லாம் கறுப்புப் புள்ளி, தேய்த்தாலும் போகாது, தோல் உரிந்தால்தான் உண்டு. போன ஞாயிறு ரெமிஜியுஸின் அக்கா மகனுக்குப் புதுநன்மை, கோவிலில் முதன்முதலாக நன்மை அப்பம் வாங்குகிற நாள். நானும் வரிசையில் நின்று கையை நீட்டினேன், ஃபாதர் நன்மையை வைக்கப்போனவர் ஒரு நொடி நிறுத்தி என் விரல்களைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி விரல்களைப் பார்த்தார். கோவிலென்றுகூடப் பாராமல் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா, "அடுப்புல கரிப்பானை தேய்ச்சுட்டு அப்படியே வந்துட்டியா அமலி?" என்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன். என்ன ஆராய்ச்சி என்றார். மல்டிஃபெராயிக் என்று சொன்னால் ஏதோ வியாதி என்று நினைத்து மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார், அதனால், ஒரே பொருள், அதற்குள் மின்சாரத்துக்கு ஒரு ஒழுங்கு, காந்தத்துக்கு ஒரு ஒழுங்கு, இரண்டும் ஒன்றுக்கொன்று தெரிந்தே இருக்கும், மின்சாரத்தைக் காட்டினால் காந்தம் அசைய வேண்டும், காந்தத்தைக் காட்டினால் மின்சாரம் அசைய வேண்டும் என்று சொன்னேன். ரெமிஜியுஸ் பந்தியில் பரிமாறிக்கொண்டே, "நம்ம வீடுதான். எங்கம்மா கூப்பிட்டா நீ திரும்பிப் பாக்கணும், உங்கம்மா கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கணும்" என்றார். பந்தி முழுக்கச் சிரிப்பு. துறைமுகத்தில் எழுபதடி உயரத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதர், என் ஆய்வுச் சுருக்கத்தின் முதல் பத்தியை என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்.

ஆனால் பத்தியோடு வேலை முடியவில்லையே. பொடி. பொடி குறைகிறது. முதலில் கண்ணில் படவில்லை, இப்போது படுகிறது, வடிதாளின் மடிப்பில் முந்தாநாள் ஒரு விரல் கனம் இருந்தது, இன்று அந்தக் கனம் இல்லை. ஒவ்வொரு கழுவலிலும் மிகச் சிறிய துகள்கள் தாளைத் தாண்டி வடிநீரோடு போய்விடுகின்றன, வடிநீரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் மங்கலாக ஒரு காவி தெரிகிறது. கழுவினால் பொடி போகிறது, கழுவாவிட்டால் உப்பு போகவில்லை. இன்னொரு கிண்ணம் வைத்துச் சுடலாமென்றால் ஃபர்னஸ் புதன்கிழமை ஆறும்போதே உள்கம்பி அறுந்து தன் வேலையை முடித்துக்கொண்டது, புதுக் கம்பி வர இரண்டு மாதம். அதையும்விட ஒரு பயம், இரண்டு நாளாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது, நேராகப் பார்க்கவில்லை, இப்போது பார்க்கிறேன். பிஸ்மத் எனக்குத் தெரியாமல் குளோரினோடு ஓடிப்போயிருந்தால்? நடக்கக்கூடியதுதான், உருகிய குளோரைடில் நான்கு மணி நேரம் கிடந்தது, பக்கத்தில் இரும்பு இருக்கும்போதே குளோரினோடு பழகிவிட்டிருக்கலாம். பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு, வெள்ளையாய், தண்ணீரில் கரையாமல், பொடிக்குள் குடித்தனம் போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரைடைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். பதினொன்று அல்ல, நூறு தடவை கழுவினாலும் தீராது. அப்படியானால் இது என் பொருளே இல்லை, ஆறு வருடம் நான் கழுவிக்கொண்டிருந்தது வேறு யாரோ ஒருவரை. கெட்டிலை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். வெளியே வேப்பமரத்தில் ஒரு காகம் மற்றொரு காகத்தின் தலையைக் கோதிக்கொண்டிருக்கிறது, மற்றது கண்ணை மூடி அப்படி ஒரு சுகத்தில் நிற்கிறது, பார்க்கப் பார்க்க எனக்குப் பயத்துக்கு நடுவிலும் சந்தோஷமாகிவிடுகிறது. என்ன செய்ய, என் உடம்பு வாகு அப்படி. துக்க வீட்டிலும் காபி நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

வடிந்துவிட்டது. பதினோராவது வடிநீரிலிருந்து கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்துக்கொண்டு, மீதியை, கேனிலிருந்து டிஸ்டில்டு வாட்டரைப் பிடித்துவந்த பாட்டிலிலேயே திருப்பி ஊற்றி, பேனாவால் பதினொன்று என்று எழுதி வரிசையில் வைக்கிறேன். ஒன்றிலிருந்து பத்து வரை ஏற்கெனவே நிற்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. முடிவு தெரியும்வரை எதையும் கொட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை, வீட்டில் தேங்காய் சிரட்டை முதல் போன வருட நாட்காட்டி வரை எதற்கும் ஒரு முடிவு தெரியவில்லை என்பதால் எல்லாமே இருக்கிறது என்று ரெமிஜியுஸ் சொல்வார். இருக்கட்டும். டிராப்பர். ஒரு சொட்டு. வெண்மை. அதே வெண்மை. கையில் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், பத்தாவது குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஒன்பதாவதையும். மூன்றும் ஒரே வெள்ளை. கொஞ்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதில் ஏதோ இருக்கிறது. புடவை முந்தானை எங்கோ ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி, போகப் பார்க்கிறேன், விடவில்லை. குறைய வேண்டாமா? கசிகிறது என்றாலும் குறைந்துகொண்டுதானே வர வேண்டும்? நாலாவது நாளைக்குப் பழைய சோறுகூட அதே புளிப்பில் நிற்காதே. உலகத்தில் எதுவும் இவ்வளவு சமமாக இருக்காது, யாரோ ஒவ்வொரு முறையும் அதே அளவு போட்டுக்கொண்டிருந்தால் ஒழிய. யார் போடுவது? நான்தான் போடுகிறேன், ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட், அது தவிர? அது தவிர என்ன? ஏனோ மெர்சி பாக்கியத்தின் முகம் வருகிறது. நேற்று செய்முறைத் தேர்வில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தேன், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எல்லாம் சரியாகச் செய்திருந்தாள், ஒன்றைத் தவிர. பிளாங்க் எங்கேம்மா என்று கேட்டேன். சோதிக்க வேண்டிய பொருளே இல்லாமல், வெறும் தண்ணீரை வைத்து ஒருமுறை அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும், அப்போதுதான் தெரிகிற நிறம் பொருளின் நிறமா, பாத்திரத்தின் நிறமா என்று தெரியும் என்று ஐந்து நிமிடம் வகுப்பெடுத்தேன், விரலை வேறு ஆட்டினேன்.

பிளாங்க். அமலோற்பவம், உன் பிளாங்க் எங்கேம்மா?

முதுகுத்தண்டில் ஏதோ ஓடுகிறது, பயமா சந்தோஷமா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும் ஒரே படியில் ஏறி வருகிறபோது காலடிச் சத்தம் ஒன்றுபோலத்தான் இருக்கும்போல. ஸ்டாண்டிலிருந்து ஒரு குழாயை எடுக்கிறேன், பளபளவென்று இருக்கிறது, ஓரத்தில் ஒன்றிரண்டு நீர்த்துளி இன்னும் காயவில்லை. கேனிலிருந்து நேராக டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுகிறேன். பொடி இல்லை, வடிநீர் இல்லை, ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர். ஒரு சொட்டு. வெண்மை. அரிசி களைந்த தண்ணீர், அதே வெண்மை, பத்துக்கும் பதினொன்றுக்கும் பக்கத்தில் வைத்தால் உடன்பிறந்தது. "அண்ணாச்சி!" என்று நான் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காகங்கள் பறந்திருக்கும். அண்ணாச்சி துடைப்பத்தோடு ஓடி வருகிறார். "என்ன மேடம், கையில ஆசிட் பட்டுட்டா?" இல்லை இல்லை, இந்த டெஸ்ட் டியூபெல்லாம் நீங்கள் எதில் கழுவி வைக்கிறீர்கள் என்று கேட்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். "பைப்புலதான். பின்ன மினரல் வாட்டரா வாங்குவாவ? நீங்கதான புதன்கிழமை சொன்னிய, மூணு நாளைக்கு டியூப் எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்னு. ஒவ்வொரு தடவையும் தேய்ச்சு, அலசி, கவுத்துல்லா வச்சேன்." கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறார் பாவம், டியூபின் உட்சுவரில் ஒட்டியது ஒட்டியதுதான். எங்கள் கல்லூரிப் பைப்பில் வருவது போர்த் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். வாயில் வைத்தால் துப்பத் தோன்றும், அண்ணாச்சியே வீட்டிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவருகிறார். தூத்துக்குடி போர்த் தண்ணீரில் கழுவிய குழாயில் குளோரைடு இருக்கிறதா என்று மூன்று நாளாகத் தேடியிருக்கிறேன், பதினோரு முறையும் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறேன், இதற்கு ஆய்வு எதற்கு, பைப்பைத் திறந்து நக்கிப் பார்த்திருந்தால் போதும். டிஸ்டில்டு வாட்டரில் கடைசியாக ஒருமுறை அலசிக்கொள்ள வேண்டியது நான், பதினேழு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான்.

பொறு, இன்னும் குதிக்காதே. குழாய் தப்பு என்று தெரிந்தால் பொடி சரி என்று ஆகிவிடாது. கேன் தண்ணீரே தப்பாக இருந்தால்? ஒரு குழாயை எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை அலசுகிறேன், நான்காவது முறை எனக்காக. அதில் கேன் தண்ணீர், ஒரு சொட்டு. தெளிவு. சரி, தண்ணீர் நல்ல தண்ணீர். இன்னொரு குழாயை அதேபோல் அலசி, பதினொன்று என்று எழுதிய பாட்டிலைச் சாய்த்து வடிநீரை ஊற்றுகிறேன். ஆறு வருடம் இந்த ஒரு சொட்டில் வந்து நிற்கிறது, குழந்தைகள் தூங்கியபின் படித்தது, விடுமுறை எல்லாம் இங்கே கிடந்தது, "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டவர்களுக்குச் சொல்லாமல் விட்ட பதில். பிஸ்மத் ஓடிப்போயிருந்தால் இப்போது வெளுக்கும். டிராப்பர் குழாயின் வாயில் மோதி டிக்டிக் என்கிறது. "அண்ணாச்சி, நீங்க விடுங்க." அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து, கையை வேட்டியில் துடைத்து, என் கறுத்த விரல்களைப் பார்த்துவிட்டுத் தன் விரல்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "ஒட்டிக்கிடாதே?" என்று கேட்டு, வாங்கி, மூச்சைப் பிடித்து, ஒரு சொட்டு விடுகிறார். சுவரில் வழிகிறது. தொடுகிறது. தெளிவு. அண்ணாச்சி குழாயை ஆட்டிப் பார்க்கிறார், வெளிச்சத்தில் பிடிக்கிறார், என் முகத்தைப் பார்க்கிறார், தன் கையால் காரியம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்போல, குரல் இறங்கிவிட்டது. "ஒண்ணுமே ஆகலையே மேடம்?"

"ஆமா அண்ணாச்சி! ஒண்ணுமே ஆகலை!" என்று நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறேன், சில்வர் நைட்ரேட் அவர் கட்டைவிரலில் சிந்துகிறது, நாளைக்குக் கறுத்துவிடும், அவருக்கும் ஒரு புள்ளி. அதன்பிறகு பத்து, ஒன்பது, எட்டு, ஏழு என்று பின்னோக்கிப் போகிறேன், எல்லாம் தெளிவு, ஆறு தெளிவு, ஐந்து தெளிவு, நான்கில்தான் மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி லேசான மங்கல். வியாழக்கிழமை சாயங்காலமே பொடி சுத்தமாகிவிட்டிருக்கிறது. அதற்கப்புறம் நான் கழுவியதெல்லாம் குளித்து வந்த பிள்ளையைத் திரும்பத் திரும்பக் குளிப்பாட்டிய கதை. பிஸ்மத்தைச் சந்தேகப்பட்டேனே, ஓடிப்போனது என்றேனே, அது பாட்டுக்கு இரும்போடு ஒழுங்காகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. வடிதாளில் இருப்பதை உலர்த்தி நிறுக்கிறேன், தராசு பூச்சியம் புள்ளி நான்கு ஒன்று என்கிறது, அரை கிராமுக்குப் போதவில்லை, பிறகு வரிசையாக நிற்கும் பாட்டில்கள் கண்ணில் படுகின்றன. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. வியாழனும் வெள்ளியும் நிறைத்தவை, அசையாமல் நின்று தெளிந்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காவி மண்டி. கழுவி முடித்தபின் கழுவியதால் தாளைத் தாண்டிப் போனவை, உப்பில்லாதவை, என் பொடியிலேயே மிகப் பொடியானவை, எங்கும் போகாமல் இங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. மேலே நிற்கும் தண்ணீரை மூச்சு விடாமல் வடித்துவிட்டு, அடியில் இருப்பதைப் பீங்கான் கிண்ணத்தில் சேர்த்து உலர்அடுப்பில் வைக்கிறேன். பன்னிரண்டே முக்காலுக்குத் தராசு பூச்சியம் புள்ளி ஐந்து எட்டு என்கிறது. எதையும் கொட்டாத பெண்ணைக் கட்டிக்கொண்டவர் கொடுத்துவைத்தவர் என்று ரெமிஜியுஸிடம் சொல்ல வேண்டும். மெர்சி பாக்கியத்துக்கு இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கலாமா? கொடுக்க முடியாது, குறைத்தது சரிதான். செய்முறை ஏட்டைத் திறந்து, பதினோராவது கழுவலுக்குக் கீழே சிவப்பு மையில் என் பெயரை எழுதி, பிளாங்க் செய்யவில்லை, இரண்டு குறைவு என்று போட்டுக் கையெழுத்து வைக்கிறேன். திங்கட்கிழமை அவளுக்குக் காட்ட வேண்டும், அவள் சிரிப்பாள்.

பொடிக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்து வராந்தாவுக்கு வரும்போது போன் அடிக்கிறது. பின்னால் காற்று விசிலடிக்கிறது, கிரேன் மேலேயிருந்து பேசுகிறார். "ஏட்டி அமலி, என்னாச்சு?" இவ்வளவு நேரம் சிரித்தவளுக்கு இப்போது போய் அழுகை. "ஒண்ணும் ஆகலைங்க" என்கிறேன். ஆறு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் என் சில்வர் நைட்ரேட்டையும் வெண்மையையும் கேட்டுக் கேட்டு வளர்ந்த மனிதர், மற்றவர்களைப் போல் ஐயோ என்று சொல்லவில்லை. "சொட்டு விட்டியா? விட்டும் ஒண்ணும் ஆகலையா?" என்கிறார். ஆமாம் என்கிறேன். திடீரென்று ஒரு சத்தம், காதைக் கிழிக்கிறது, போனைத் தள்ளிப் பிடிக்கிறேன், கிரேனின் ஹாரன், விடாமல், நீளமாக, துறைமுகத்தில் கீழே நிற்பவர்களெல்லாம் என்னவோ ஏதோவென்று அண்ணாந்து பார்த்திருப்பார்கள். பின்னாலேயே வந்த அண்ணாச்சி, "என்ன மேடம் சத்தம் அது?" என்று கேட்கிறார். எங்க வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.